அழியப் போன ஆட்டத்தை மீட்டவர், 20 மாதத்தில் பதவி பறிபோனவர்... யார் இந்த மைக்கேல் கியூசாக்?

அயர்லாந்து தலைநகர் டப்ளினில் குரோக் பார்க் என்று ஒரு ஸ்டேடியம் இருக்கு. ஒரே நேரத்தில் 82 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமர்ந்தும் நின்றும் ஆட்டம் பார்க்கலாம். ஜூலை மாதம் இறுதிப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, அந்த இடம் நிரம்பி வழியும். ஆனால் மைதானத்தில் ஓடுகிற வீரர்களில் ஒருவருக்குக்கூட சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலை ஒருத்தர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போவார், இன்னொருத்தர் மாட்டுப் பண்ணைக்குப் போவார்.

அந்த ஸ்டேடியத்தின் ஒரு பக்க கேலரிக்கு கியூசாக் ஸ்டாண்ட் என்று பெயர். மேற்கு அயர்லாந்தில் கிளேர் என்ற மாவட்டத்தின் சொந்த மைதானத்துக்கும் கியூசாக் பார்க் என்றுதான் பெயர். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அரசரும் இல்லை, அரசியல் தலைவரும் இல்லை. ஆடு மாடு மேய்த்தவரின் மகன், பள்ளி வாத்தியார், பெரிய தாடிக்காரர், அதைவிடப் பெரிய கோபக்காரர். அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். 20 மாதத்தில் அதே சங்கம் அவரை வெளியே அனுப்பியது.

என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஹர்லிங் என்றால் என்ன?

கியூசாக் கதைக்குள் போவதற்கு முன், இந்த ஆட்டத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஹர்லிங்கைப் பார்க்காதவர்களுக்கு ஹாக்கி மாதிரி தோணும். ஆனால் ஹாக்கியில் பந்து தரையில் போகும், இதில் பெரும்பாலும் ஆகாயத்தில் பறக்கும். சாம்பல் மரம் என்று சொல்லப்படும் ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி தட்டையாக அகன்ற மட்டை. ஐரிஷ் மொழியில் அதற்கு கமான் என்று பெயர். பந்து ஸ்லிட்டர். உள்ளே தக்கை, வெளியே தோல், தையல் விளிம்பு எழும்பி நிற்கும்.

ஒரு அணிக்கு 15 பேர். கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்தை அடித்தால் 1 புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதாவது 3 புள்ளி. பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் 4 அடிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு நகரக் கூடாது. அதன் பிறகு மட்டை நுனியில் பந்தை நிறுத்தி, கீழே விழாமல் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் எதிராளி தோளால் இடித்துக்கொண்டே கூட வருவார். மூத்தோர் ஹர்லிங்கில் ஹெல்மெட் கட்டாயம் ஆனதே 2010-ல்தான் என்றால், மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

கேலிக் கால்பந்து இதன் தம்பி. அதே மைதானம், அதே கம்பம். 2024 வரை புள்ளிக் கணக்கும் அதேதான். மட்டைக்குப் பதிலாகக் கையும் காலும். இரண்டையும் நடத்துவது ஒரே சங்கம். கேலிக் தடகளச் சங்கம், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. கியூசாக் தொடங்கிய சங்கம் இதுதான்.

பஞ்சத்தில் பிறந்த பிள்ளை

1847 செப்டம்பர் 20. கிளேர் மாவட்டத்தில் கேரன் என்ற ஊர். பர்ரன் என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக் கல் பூமியின் கிழக்கு ஓரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறப் பாறை, அந்தப் பாறை இடுக்கில் புல். பர்ரன் என்ற சொல்லுக்கே ஐரிஷ் மொழியில் பாறை நிலம் என்றுதான் பொருள்.

அந்த வருடத்தை அயர்லாந்தில் கறுப்பு 47 என்பார்கள். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றுவிட்டது. ஏழைகளின் ஒரே உணவு அதுதான். 1845-ல் தொடங்கிய பஞ்சம் முடிவதற்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிடவும் அதிகமானோர் கப்பல் ஏறினார்கள். கிளேர் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. கியூசாக்கின் அப்பா மேத்யூ, பண்ணையாரின் கால்நடைகளை மேய்த்தவர். கையில் ஒரு வேலை இருந்ததால் குடும்பம் தப்பியது.

வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. ஆங்கிலம் பின்னால் வந்த மொழி. பஞ்சத்தில் செத்ததும் ஊரை விட்டுப் போனதும் அதிகமும் ஐரிஷ் பேசிய ஏழைகள்தான். அதனால் மொழியும் அவர்களோடு சேர்ந்து சுருங்கியது. ஹர்லிங்கும் அப்படியே. அதற்கு முன் ஊருக்கு ஊர், புல்வெளிக்குப் புல்வெளி நடந்த ஆட்டம் அது. பந்து அடிக்க ஊரில் இளைஞர்கள் இருந்தால்தானே ஆட்டம்? 1880 வாக்கில் சில மாவட்டங்களில் மட்டும் அது மிச்சம் இருந்தது.

வாத்தியார், குண்டு எறிபவர், கிரிக்கெட் பிரியர்

படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால் கியூசாக்குக்கு ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. 1871 முதல் கால்வே மாவட்டத்தில் லாஃப் கட்ரா என்ற இடத்தில் தலைமை ஆசிரியர். பிறகு நியூரி, டப்ளின் பிளாக்ராக், கிளாங்கோஸ் உட் என்று கல்லூரி கல்லூரியாக மாறினார். 1876-ல் மார்கரெட் உட்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அடுத்த வருடமே டப்ளினில் சொந்தமாக ஒரு அகாடமி தொடங்கினார்.

அது என்ன அகாடமி? சுருக்கமாகச் சொன்னால் போட்டித் தேர்வு கோச்சிங் சென்டர். பிரிட்டிஷ் அரசின் சிவில் சர்வீஸ், போலீஸ், ராணுவம், டிரினிட்டி கல்லூரி நுழைவுத் தேர்வு... எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி. தேர்ச்சி பெற்றவர்கள் அதிகம் என்பதால் மாணவர்கள் குவிந்தார்கள். வருமானமும் நன்றாக வந்தது. ஆங்கிலேயர் ஆட்டங்களுக்கு எதிராகப் பின்னாளில் கொடி பிடித்தவர், அதே ஆங்கிலேய அரசுக்கு அதிகாரிகளைத் தயார் செய்துதான் சம்பாதித்தார். இந்த முரண்பாடு கடைசி வரைக்கும் அவரை விடவில்லை.

முரண்பாடு அத்தோடு முடியவில்லை. கியூசாக் ரக்பி ஆடினார். அகாடமிக்கு ரக்பி அணியும் வைத்திருந்தார். கிரிக்கெட்டும் ஆடினார். 1882-ல்கூட, அயர்லாந்து இளைஞர்களுக்கு ஏற்ற ஆட்டம் என்று கிரிக்கெட்டைப் பாராட்டி எழுதியிருக்கிறார். குண்டு எறிதலில் 16 பவுண்டு பிரிவில் 1881-ம் ஆண்டு அயர்லாந்து சாம்பியனும் அவர்தான். தடித்த உடம்பு, அகன்ற தோள், கையில் எப்போதும் கனமான கைத்தடி. தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாத ஆள்.

பிறகு எது அவரை மாற்றியது?

கூலிக்காரனுக்கு இடம் இல்லை

அந்தக் காலத்தில் அயர்லாந்தில் ஓட்டப்பந்தயம், தாண்டுதல், எறிதல் எல்லாம் இங்கிலாந்து விதிமுறைப்படி நடந்தன. விளையாட்டு என்பது கனவான்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம்தான் அந்த விதிகளுக்கு அடிப்படை. பல போட்டிகளில் கைவினைஞர், கூலித் தொழிலாளி, போலீஸ்காரர், சாதாரண சிப்பாய் கலந்துகொள்ள முடியாது. போட்டி நடப்பதும் சனிக்கிழமை. உழைக்கிற மனிதனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஆக, நாட்டில் பலசாலிகள் நிறைய. அவர்கள் களத்துக்குள் வரத்தான் வழி இல்லை. கியூசாக்குக்கு இது சொந்த விஷயம். தன் அப்பா மாதிரி ஒருத்தர் ஓட முடியாத மைதானத்தில்தான் அவர் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்.

1882 இறுதியில் டப்ளினில் ஹர்லிங்கை மீட்க ஒரு முயற்சி நடந்தது. அது நிலைக்கவில்லை. 1883 டிசம்பரில் தன் அகாடமி மாணவர்களை வைத்து மெட்ரோபாலிட்டன் ஹர்லிங் கிளப்பைத் தொடங்கினார் கியூசாக். ஃபீனிக்ஸ் பார்க் புல்வெளியில் சனிக்கிழமை தோறும் ஆட்டம். முதலில் நாலைந்து பேர், பிறகு கூட்டம்.

1884 ஏப்ரலில் தன் அணியை ரயிலேற்றி பாலினஸ்லோ ஊருக்கு அழைத்துப் போனார். எதிரணி கால்வே மாவட்டத்தின் கில்லிமோர். தலைமுறை தலைமுறையாக ஹர்லிங் ஆடிய கிராமத்து ஆட்கள். நகரத்துப் பையன்கள் அவர்கள் வேகத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆபத்து என்று சொல்லி கியூசாக்கே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

பார்த்தால் இது தோல்விக் கதை. ஆனால் அன்று ஒரு விஷயம் தெளிவானது. ஆட்டம் உயிரோடுதான் இருக்கு, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதியில் இருக்கு. ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க்காரரோடு மோத வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். அந்த விதியை எழுத ஒரு சங்கம் வேண்டும்.

பில்லியர்ட்ஸ் அறையில் ஒரு கூட்டம்

1884 அக்டோபர் 11. இரண்டு தேசியவாதப் பத்திரிகைகளில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தது. அயர்லாந்து விளையாட்டை அயர்லாந்துக்காரர்களே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியது கியூசாக். அடுத்த வாரமே ஆதரவுக் கடிதம் வந்தது. அனுப்பியவர் மாரிஸ் டேவின், டிப்பரரி மாவட்ட விவசாயி, எறிதலில் நாடறிந்த சாம்பியன். பேர் பெற்ற ஒரு வீரரின் ஆதரவு கிடைத்ததும் கியூசாக் தாமதிக்கவில்லை.

நவம்பர் 1, சனிக்கிழமை, மதியம் 3 மணி. டிப்பரரியில் தர்லஸ் என்ற சிறு நகரம், ஹேய்ஸ் ஹோட்டல். பில்லியர்ட்ஸ் அறையில் கூட்டம் கூடியது. கூட்டம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். வந்தவர்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்கள் ஏழு. கியூசாக், டேவின், பத்திரிகையாளர்கள் ஜான் வைஸ் பவர், ஜான் மெக்கே, கட்டட ஒப்பந்தக்காரர் ஜே.கே. பிராக்கன், வழக்கறிஞர் ஜோசப் ஓ ரயன். ஏழாவது ஆள்தான் ஆச்சரியம். தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி, பிரிட்டிஷ் அரசின் ஐரிஷ் காவல் படையில் மாவட்ட இன்ஸ்பெக்டர். கியூசாக்கின் பழைய மாணவர், அயர்லாந்து அணிக்காக ரக்பி ஆடியவர்.

அதே அறையில் பிராக்கனும் வைஸ் பவரும் இருந்தார்கள். இவர்கள் ஆங்கிலேய ஆட்சியை ஆயுதத்தால் அகற்ற நினைத்த ரகசிய சகோதரத்துவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். போலீஸ் அதிகாரியும் புரட்சிக்காரர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அப்படி ஒரு மேஜை அதன் பிறகு அந்தச் சங்கத்தில் அமையவே இல்லை. சில வருடங்களிலேயே போலீஸ்காரர்கள் சங்கத்தில் சேரக் கூடாது என்று தடை வந்துவிட்டது. மெக்கார்த்தி 1943-ல் இறந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட கிடையாது. 2009-ல்தான் ஜி.ஏ.ஏ. அங்கே நினைவுக்கல் வைத்தது.

டேவின் தலைவர், கியூசாக் செயலாளர். புரவலர்களாக மூன்று பெரிய பெயர்கள்: பேராயர் குரோக், நாடாளுமன்றத் தலைவர் பார்னல், நில உரிமைப் போராளி மைக்கேல் டேவிட். சங்கத்துக்கு மதம், அரசியல், விவசாயி என்று மூன்று பக்கமும் ஆதரவு. குரோக் பார்க் என்ற பெயர் அந்தப் பேராயருடையதுதான்.

காட்டுத்தீ வேகம்

1885 தொடக்கத்தில் டேவின் எழுதிய விதிகள் ஏற்கப்பட்டன. அணிக்கு 21 பேர் வரை ஆடலாம். பின்னால் 1892-ல் 17 ஆகி, 1913-ல் 15 ஆனது.

ஆனால் சங்கம் பரவக் காரணம் விதிப் புத்தகம் மட்டும் இல்லை. இரண்டு எளிய முடிவுகள்தான் முக்கியம். ஒன்று, ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேவாலயப் பூசை, மதியம் மைதானம். இரண்டு, கிளப் என்பது பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்கை ஒட்டி அமைந்தது. எந்தப் பங்கில் வாழ்கிறாயோ அந்தக் கிளப்புக்கு ஆடு. பணக்காரக் கிளப் நல்ல ஆட்டக்காரனை விலைக்கு வாங்கிக்கொண்டு போக முடியாது. ஊர்ப் பெருமை தானாகவே ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அங்கே ஒருவர் எந்த மாவட்டத்தில் பிறந்தாரோ அந்த மாவட்ட ஜெர்சிதான் போடுவார் என்பது அநேகமாக எழுதாத சட்டம்.

பழைய தடகளக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1885 பிப்ரவரியில் போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த ஜூன் மாதம் கெர்ரி மாவட்டம் டிரலி நகரில் ஒரே நாளில் இரண்டு சங்கமும் தனித்தனியே போட்டி நடத்தின. ஜி.ஏ.ஏ. மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம், மற்ற மைதானம் வெறிச்சோடியது. யார் பக்கம் ஜனம் என்று அன்று தெரிந்துவிட்டது.

பேனாவால் வந்த வினை

இவ்வளவு வேகமாக வளர்ந்த சங்கத்தின் செயலாளரை ஏன் நீக்கினார்கள்?

நேரடியாகச் சொன்னால், கியூசாக்குக்கு ஆட்களைத் திரட்டத் தெரியும், அலுவலகம் நடத்தத் தெரியாது. கடிதங்கள் குவிந்தன, பதில் போகவில்லை. கணக்கு வழக்கு சரியாக இல்லை. கிளப்புகள் பணம் அனுப்பினால் ரசீது வருவதில்லை என்று புகார். பணத்தை எடுத்துக்கொண்டார் என்று இல்லை, எழுதி வைக்கவில்லை. பகலில் அகாடமி, இரவில் சங்கம், நடுவில் பத்திரிகைச் சண்டை. ஒரு ஆள் செய்யக் கூடிய வேலை இல்லை அது.

அதைவிடப் பெரிய பிரச்னை அவர் பேனா. விமர்சித்தவர்களை எல்லாம் பத்திரிகையில் வசைபாடினார். 1886-ல் டப்ளினின் பெரிய நாளிதழான ஃப்ரீமன்ஸ் ஜர்னலோடு மோதல் வந்தது. பேராயர் குரோக் தலையிட்டு, இந்தப் போக்கு தொடர்ந்தால் விலகிவிடுவேன் என்ற ரீதியில் எழுதினார். அத்தோடு அடங்கியிருக்கலாம். கியூசாக் பேராயருக்கே காரமாகப் பதில் எழுதினார்.

19-ம் நூற்றாண்டு கத்தோலிக்க அயர்லாந்தில், சங்கத்தின் புரவலரான பேராயரையே எதிர்த்துப் பேசுவது என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1886 ஜூலை 4-ம் தேதி தர்லஸில் கூட்டம். சங்கம் பிறந்த அதே ஊர். வாக்கெடுப்பில் கியூசாக் பதவி பறிபோனது.

நியாயமாகப் பார்த்தால் அந்த முடிவில் தவறு சொல்வது கடினம். பதில் போடாத செயலாளரை வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் பரவும் சங்கத்தை நடத்த முடியாது. ஆனால் அந்த இடத்தைப் பிடிக்கக் காத்திருந்தவர்கள் விளையாட்டுக்காக மட்டும் வந்தவர்கள் இல்லை. அடுத்த ஓராண்டில் ரகசிய இயக்கத்தின் ஆட்கள் நிர்வாகத்தைப் பிடித்தார்கள். பாதிரியார்கள் எதிர்த்தார்கள், போலீஸ் உளவு பார்த்தது, சங்கம் இரண்டாகும் நிலைக்குப் போனது.

கியூசாக் 1887 ஜனவரியில் சொந்தமாக செல்டிக் டைம்ஸ் என்ற வார இதழைத் தொடங்கி, புதிய நிர்வாகிகளை வாரா வாரம் விளாசினார். ஒரு வருடம் ஓடியது. 1888 ஜனவரியில் நின்றது. 1887-ம் வருடத்துக்கான முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி 1888 ஏப்ரல் 1-ம் தேதி பிர் நகரில் நடந்தது. டிப்பரரி, கால்வேயை வென்றது. கியூசாக்கின் சொந்த மாவட்டமான கிளேரும் அந்த முதல் தொடரில் ஆடியது. தொடங்கி வைத்தவர் கையில் எந்தப் பொறுப்பும் இல்லை.

1890, எல்லாம் போன வருடம்

பதவி போனதைவிடப் பெரிய அடி பிறகுதான் வந்தது. 1890-ல் மனைவி மார்கரெட் காசநோயில் இறந்தார். மகள் ஒருத்தியும் இறந்தாள். குடும்பம் சிதறியது. கூட்டம் கூட்டமாக மாணவர்கள் வந்த அகாடமியும் கைவிட்டுப் போனது. குடியும் சேர்ந்துகொண்டது.

அதன் பிறகு 16 வருடம் கியூசாக் டப்ளினில் தனி ஆளாக வாழ்ந்தார். டியூஷன் எடுத்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், ஐரிஷ் மொழி மீட்பு இயக்கத்தில் ஆர்வமாக இருந்தார். மதுக்கடைகளில் அவர் குரல் உரக்கக் கேட்கும். முழங்கால் வரை கால்சட்டை, நீளமான கோட்டு, அந்தக் கைத்தடி, நரைத்த தாடி. மரியாதையோடு பார்த்தவர்களும் உண்டு, கேலியாகப் பார்த்தவர்களும் உண்டு.

1901-ல் ஜி.ஏ.ஏ. செயலாளர் பதவிக்கு மறுபடியும் நின்றார். மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் லூக் ஓ டூல் என்பவரிடம் தோற்றார். ஓ டூல் நிர்வாகத்தில் கெட்டி. அவர் காலத்தில்தான் இன்றைய குரோக் பார்க் நிலத்தை ஜி.ஏ.ஏ. 1913-ல் வாங்கியது. கியூசாக் ஜெயித்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1906 நவம்பரில் டப்ளினில் திடீரென இறந்தார். வயது 59. கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

நாவலுக்குள் போன கியூசாக்

சங்கம் மறந்த அந்த ஆளை, இலக்கியம் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொண்டது. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1922-ல் வெளிவந்த யுலிஸஸ் நாவலில் ஒரு பாத்திரம் வரும். பெயர் கிடையாது, சிட்டிசன் என்று மட்டும் குறிப்பிடப்படுவார். மதுக்கடையில் நாயோடு உட்கார்ந்து, அயர்லாந்துப் பெருமை பேசி, அடுத்தவர் செலவில் குடித்து, யூதரான கதாநாயகனை இழிவுபடுத்தி, கடைசியில் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி எறிவார். கியூசாக்கை மனதில் வைத்துத்தான் ஜாய்ஸ் இதை எழுதினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இங்கேதான் சிக்கல். உலகம் முழுக்க இலக்கியம் படிக்கிறவர்களுக்கு கியூசாக் என்றால் அந்தக் குறுகிய மனசுக்காரர்தான். கிரிக்கெட்டைப் பாராட்டியவர், போலீஸ் அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்தவர், கூலிக்காரனுக்கு மைதானம் திறந்துவிட்டவர் அந்தப் பாத்திரத்தில் இல்லை. தாடியும் தடியும் குரலும் அவருடையவை. மற்றதில் நாவலாசிரியரின் சரக்கு நிறையவே கலந்திருக்கு.

தடைகள் யார் போட்டது?

கியூசாக் மேல் சுமத்தப்படும் இன்னொரு விஷயம், அந்நிய ஆட்டத் தடை. ஜி.ஏ.ஏ. உறுப்பினர் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 20-ம் நூற்றாண்டில் அது எவ்வளவு இறுக்கம் என்றால், 1938-ல் அயர்லாந்து நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குப் போனார் என்பதற்காகவே புரவலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஜனாதிபதியாக அது அவர் கடமை என்ற வாதம் எடுபடவில்லை.

அந்த இறுக்கத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1920 நவம்பர் 21-ம் தேதி, விடுதலைப் போர் நடந்த காலம். குரோக் பார்க்கில் டப்ளினும் டிப்பரரியும் கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டது. டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் உட்பட 14 பேர் பலி. அந்த மைதானத்தில் ஆங்கிலேயர் ஆட்டத்தை அனுமதிப்பது என்பது அதன் பிறகு வெறும் விளையாட்டு விஷயமாக இல்லை.

1971-ல் அந்நிய ஆட்டத் தடை நீங்கியது. 2001-ல் போலீஸ், ராணுவம் மீதான தடை நீங்கியது. 2007 பிப்ரவரியில் அதே குரோக் பார்க்கில் இங்கிலாந்து ரக்பி அணி ஆடியது. அயர்லாந்து 43-13 என்று ஜெயித்தது. ரக்பி ஆடிய கியூசாக்கின் பெயர் தாங்கிய கேலரியில் உட்கார்ந்து ஜனங்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

சொந்த மாவட்டம் என்ன ஆனது?

கியூசாக் மீட்ட ஆட்டம் அவருடைய சொந்த மாவட்டத்துக்குப் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ரொம்ப நாளைக்கு.

கிளேர் மாவட்டத்தில் ஒரு விசித்திரப் பிரிவு உண்டு. கிழக்குப் பக்கம் ஹர்லிங், அட்லாண்டிக் கடலோரம் மேற்குப் பக்கம் கால்பந்து. ஹர்லிங்கில் 1914-ல் லீஷ் மாவட்டத்தை வீழ்த்தி கிளேர் முதன்முதலாக அகில அயர்லாந்து சாம்பியன் ஆனது. கியூசாக் இறந்து 8 வருடம் கழித்து. கால்பந்து அணி 1917-ல் இறுதிப் போட்டி வரை போய் வெக்ஸ்ஃபோர்டிடம் தோற்றது. அதே வருடம்தான் கிழக்கு கிளேர் இடைத்தேர்தலில் டி வலேரா ஜெயித்தார். ஆட்டமும் அரசியலும் அங்கே கைகோத்தே நடந்தன.

பிறகு வறட்சி. 1932-ல் மன்ஸ்டர் மாகாணப் பட்டம் வாங்கி, அகில அயர்லாந்து இறுதியில் தோல்வி. அதற்கு அப்புறம் மாகாணப் பட்டமே கிடையாது. மாகாண இறுதி வரை வருவார்கள், தோற்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். பிடி எர்லி என்ற நாட்டு வைத்தியக்காரி விட்ட சாபம் என்று ஊரில் பேச்சு. கொஞ்சம் கணக்குப் போட்டால் இந்தச் சாபம் நிற்காது. அந்தம்மா செத்தது 1874-ல். ஜி.ஏ.ஏ. பிறந்ததே அதற்குப் 10 வருடம் கழித்து. ஆனால் தோற்றுக்கொண்டே இருப்பவர்களிடம் தேதி காட்டி என்ன பயன்?

1995-ல் ஜெர் லாஃப்னேன் பயிற்சியாளர். ஆட்டக்காரராக இருந்தபோது மாகாண இறுதிகளில் தோற்று நொந்தவர். பனிக்காலத்தில் அணியை மலை ஏற வைத்தார், சேற்றில் ஓட வைத்தார். 63 வருடம் கழித்து மன்ஸ்டர் பட்டம் வந்தது. செப்டம்பரில் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து இறுதி, எதிரணி ஆஃபலி. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது மாற்று வீரர் ஈமன் டாஃப் அடித்த கோல் நிலைமையைத் திருப்பியது. கிளேர் 1-13, ஆஃபலி 2-8. அதாவது 16-க்கு 14. கேப்டன் ஆண்டனி டேலி கோப்பையை உயர்த்தியபோது 81 வருடக் காத்திருப்பு முடிந்தது. 1914-ல் பிறந்த குழந்தை கிழவனாகும் வரை காத்திருந்த மாவட்டம் அன்று தூங்கவில்லை.

கால்பந்து அணி இதற்கு 3 வருடம் முன்னாலேயே, 1992-ல், வலிமையான கெர்ரியைத் தோற்கடித்து மன்ஸ்டர் பட்டம் வாங்கியிருந்தது. ஹர்லிங்கில் 1997-ல் மறுபடியும் கோப்பை. 2013-ல் கார்க்கோடு இறுதிப் போட்டி டிரா ஆகி, மறு ஆட்டத்தில் ஷேன் ஓ டானல் என்ற இளைஞர் 3 கோல் அடித்து ஜெயிக்க வைத்தார். 2024 ஜூலை 21-ல் மறுபடி கார்க், மறுபடி இறுதி, கூடுதல் நேரம். கிளேர் 3-29, கார்க் 1-34. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிளேருக்கு 5-வது பட்டம்.

2018-ல் யுனெஸ்கோ ஹர்லிங்கை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கேரனில் கியூசாக் பெயரில் நினைவு மையம் இருக்கு. பாறைகளுக்கு நடுவே அவர் பிறந்த சின்னக் கல் வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். எனிஸ் நகரில் 1936-ல் திறக்கப்பட்ட கியூசாக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் இன்றும் மதியத்துக்கு முன்பே கார் நிறுத்த இடம் கிடைக்காது.